சைக்கிள் படகைச் சுமப்பதா, படகு சைக்கிளைச் சுமப்பதா?

யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று பார்த்தால் காரைநகர் கூப்பிடு தூரத்தில் தெரியும். இடையில் கடற்கோட்டை, அதைச் சுற்றித் தண்ணீர், எல்லாம் சேர்த்து ஒரு கிலோமீற்றர்கூட வராது. ஆனால் பாதை ஓடாத நாளென்றால் அதே காரைநகருக்கு வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டை, பொன்னாலை என்று சுற்றிக்கொண்டு 40 கிலோமீற்றருக்கு மேல் மிதிக்க வேண்டும். (வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் இங்கே றோட்டு மட்டும் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர்.)

நான் போன அன்று பாதை பழுது. துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தலையை நிமிர்த்தாமலே "ஓடாது தம்பி, சுத்தித்தான் போகவேணும்" என்றார். சுற்றித்தான் போனேன், ஆனி மாதம், சோளகக் காற்று பக்கவாட்டில் தள்ளத் தள்ள. அந்த ஒரு நாள் மிதித்த மிதியில்தான் சைக்கிளையும் சின்னப் படகையும் எப்படிச் சேர்ப்பது என்று தேடத் தொடங்கினேன். மூன்று வருடமாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறேன். எதை எடுப்பது என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

வழி மூன்று வகை. படகு சைக்கிளைச் சுமக்கும், அதாவது பாதை, லோஞ்ச் (எஞ்சின் பூட்டிய பயணிகள் படகு), மீன்பிடி வள்ளம். அல்லது சைக்கிள் படகைச் சுமக்கும், அதாவது இழுவண்டியில் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு), கரியரில் மடிப்புப் படகு. அல்லது இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று சுமக்கும், காற்றடைத்த குட்டிப் படகின் மூக்கில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு துடுப்புப் போடும் அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். படம் பார்க்கிற எல்லோரும் கேட்பது அந்த மூன்றாவதைத்தான்.

காசு எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று பார்க்க முன்னம் காற்றைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் சோளகம், அது தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் பிறகு மார்கழி, தை வரை வாடை. நடுவில் மாசி, பங்குனி, சித்திரை என்று ஒரு மூன்று மாதம் கிடைக்கும், அதிலும் விடியக் காலை தொடக்கம் ஒன்பது, பத்து மணி மட்டும் பரவைக்கடல், அதாவது ஆழமில்லாத உள்கடல், கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அமைதியான தண்ணீர் என்று நான் இங்கே சொல்வது அந்த மாதங்களின் அந்த நேரத்தைத்தான். மற்ற நேரத்தில் அதே இடம் வேறு இடம். தண்ணீர் ஆழமில்லாததால் அலை உயரமாக எழும்பாது, ஆனால் குட்டை குட்டையாய் நெருக்கமாக வரும், சின்னப் படகை அது நிறுத்தியே விடும்.

இன்னொன்று, "இடுப்பளவு தண்ணீர்தானே, கவிழ்ந்தால் எழும்பி நிற்கலாம்" என்று சொல்வார்கள். பல இடத்தில் உண்மைதான். ஆனால் அடியில் சுரி. கால் முழங்கால் மட்டும் புதைந்தால் எழும்பி நிற்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. திருக்கையும் படுத்திருக்கும். அதனால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் இதில் எந்த வழியும் வேண்டாம்.

சரி, முதலில் பொதுப் படகு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற சைக்கிள், அது லுமாலாவோ பழைய ரலியோ, அதுவே போதும். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு பண்ணைப் பாலம், வேலணை, ஊர்காவற்றுறை, அங்கிருந்து பாதையில் காரைநகர், பிறகு பொன்னாலைப் பாலத்தால் திரும்பி வட்டுக்கோட்டை வழியே வீடு. மொத்தம் 45, 50 கிலோமீற்றர், ஏற்றமே இல்லாத வழி, இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிற இரண்டு பாலத்தில் சைக்கிள் ஓடுகிறீர்கள், நடுவில் ஒரு கடல் கடப்பு. கடற்கோட்டையைத் தண்ணீரின் மட்டத்திலிருந்து பார்க்கலாம். போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, பன்றித் தொடையின் குதிப்பகுதி என்று பொருள்படும் ஹமன்ஹீல் என்ற பெயரை வைத்தது ஒல்லாந்தர்தான். இந்தச் சுற்றுக்குச் சமமான ஒரு நாள் பயணம் குடாநாட்டில் வேறு இல்லை என்பது என் எண்ணம். பாதை ஓடுகிறதா என்று முதல் நாளே ஊர்காவற்றுறையில் அல்லது காரைநகரில் ஆரையாவது கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள், நான் பட்டதை நீங்கள் படவேண்டாம்.

குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து தீவுகளுக்குப் போகிற லோஞ்ச் வேறு கதை. நயினாதீவுக்கு 15, 20 நிமிட ஓட்டம், ஆனால் தீவு சின்னது, கோயிலுக்கும் விகாரைக்கும் நடந்தே போகலாம், சைக்கிளை ஏற்றி இறக்கிற பாட்டுக்குப் பலன் இல்லை. ஆனித் திருவிழாக் காலத்தில் சனம் நிற்கவே இடமிருக்காது, அந்த நேரம் சைக்கிளோடு போய் நிற்பதும் முறையில்லை. குறிகாட்டுவானில் பூட்டிவிட்டுப் போங்கள்.

நெடுந்தீவுக்குத்தான் சைக்கிள் வேண்டும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் தட்டைத் தரை, முருகைக்கல் அடுக்கிய வேலிகள், வெளியில் மேய்கிற குதிரைகள், அந்தப் பெரிய பெருக்கு மரம், எல்லாம் ஒன்றுக்கொன்று தூரம். ஓட்டோவில் சுற்றிப் பார்த்தவர் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பிவிடுவார், சைக்கிளில் போனால் ஒரு கல் வேலி ஓரமாக நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். கடல் ஓட்டம் ஒரு மணித்தியாலம் அளவு. அது களப்பு அல்ல, திறந்த கடல், சோளகத்தில் நன்றாகத் தூக்கிப் போடும். படகு நாளுக்குச் சில தடவைதான், திரும்பி வருகிற நேரத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஏற்றுகிற முறையையும் சொல்லவேண்டும். நான் முதல் தடவை சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு போய் நின்றேன். படகில் நின்ற பொடியன் ஒருவன் கையில் வாங்கி, கைபிடியைப் பக்கவாட்டில் திருப்பி, முன் சில்லைத் தூக்கிக் கம்பியோடு சேர்த்து ஒரு நைலோன் கயிற்றால் இரண்டு சுற்று, அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் கட்டியதைப் பார்த்துத்தான் நான் இப்போது கட்டுகிறேன். சொந்தமாக இரண்டு துண்டுக் கயிறும், கம்பியில் உரசாமல் வைக்கப் பழைய சாக்குத் துண்டு ஒன்றும் கொண்டு போங்கள். சனம் ஏறி முடிந்த பிறகு கேளுங்கள். ஊர் ஆட்களின் அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும்தான் முதல் இடம், அந்தப் படகு அவர்களுடைய பஸ்.

மடிப்புச் சைக்கிளை இந்த வழியோடு சேர்த்தே பார்க்கலாம். 10 முதல் 13 கிலோ, மடித்தால் ஒரு பயணப்பெட்டி அளவு. இதன் பெரிய வசதி படகில் இல்லை, பஸ்ஸில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவானுக்கு 30 கிலோமீற்றர் அளவு வெயிலில் மிதிக்காமல் பஸ்ஸில் வந்து, படகில் காலடியில் வைத்து, நெடுந்தீவில் விரித்து ஓடலாம். வயது போனவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை எடுக்கலாம். ஆனால் 16 அங்குலச் சில்லு நெடுந்தீவின் கல்லுப் பாதையில் ஒவ்வொரு கல்லையும் உங்கள் முதுகுக்குச் சொல்லும். 20 அங்குலமாவது எடுங்கள். மடிப்பு மூட்டுக்குள் உப்புத் தண்ணீர் போனால் கறள் பிடித்து இறுகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி காற்றடைத்த படகு, பாக்ராஃப்ட் என்று சொல்வது. இது அலாஸ்காவில் வளர்ந்த பழக்கம். அங்கே காட்டுக்குள் நடந்து போகிறவர்களுக்கு ஆறு குறுக்கே வரும், பாலம் இருக்காது. 1982இல் அங்கு நடந்த ஒரு நெடுந்தூர ஓட்டத்தில் டிக் கிரிஃபித் என்ற 55 வயதுக்காரர் முதுகுப் பையிலிருந்து சின்ன ரப்பர் படகு ஒன்றை எடுத்து ஊதி ஆற்றைக் கடந்துவிட்டார், மற்றவர்கள் கரையில் நின்று பார்த்தார்களாம். அதன் பிறகுதான் பலரும் படகைப் பையில் தூக்கத் தொடங்கினார்கள், பின்னால் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஒருவருக்கான படகு 2 முதல் 4 கிலோ, நாலு துண்டாகக் கழற்றும் துடுப்பு ஒரு கிலோ, அங்கியோடு சேர்த்து ஐந்தாறு கிலோவில் முடிந்துவிடும். கரியரில் கட்டினால் ஒரு சின்ன அரிசிப் பை அளவுதான். இங்கே கடையில் கிடைக்காது. என்னுடையது கனடாவிலிருந்து வந்த மச்சானின் பெட்டியில் வந்தது.

இதற்கு எங்களிடம் இருக்கிற நல்ல இடம் தொண்டைமானாற்றுக் களப்பு. பருத்தித்துறை வீதியால் போய் வல்லைப் பாலத்தடியில் இறங்கி, அங்கிருந்து வடக்கே தொண்டைமானாறு மட்டும் நாலைந்து கிலோமீற்றர் துடுப்புப் போடலாம். கடல் வாயில் உவர்நீர்த் தடுப்பணை இருக்கிறது, கடல்நீர் உள்ளே வராமலும் மழைநீர் வெளியே ஓடாமலும் பிடிக்கக் கட்டியது. அதன் கதவுகளுக்கு நன்றாக முன்னமே கரையேறி, சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு வல்வெட்டித்துறை வழியாகச் சைக்கிளில் திரும்பலாம். இரண்டு பக்கமும் வெளி, தூரத்தில் பனை வரிசை, மீன் துள்ளுகிற சத்தம். மாரித் தண்ணீர் வற்ற முன்னம், வாடை ஓய்ந்த பின்னம், அந்த மாசி, பங்குனி இடைவெளியில்தான் போகவேண்டும். ஆடி, ஆவணியில் களப்பின் ஓரங்கள் வற்றி வெடித்துக் கிடக்கும், படகைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பதுதான் மிஞ்சும். பறவைகள் கூட்டமாக நிற்கிற இடத்தைச் சுற்றிப் போங்கள், அவை எவ்வளவோ தூரம் பறந்து வந்து இரை பொறுக்குகின்றன.

சைக்கிளைக் கட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு சில்லையும் கழற்றி, சட்டத்தைச் செயின் பக்கம் மேலே பார்க்கப் படகின் மூக்கில் படுக்கவைத்து, அதன்மேல் சில்லுகளை வைத்து, நாலு மூலையிலும் பட்டியால் இறுக்க வேண்டும். பெடல் இரண்டையும் கழற்றியே ஆகவேண்டும். இரண்டாவது பயணத்தில் நான் கீழ்ப் பக்கத்துப் பெடலைக் கழற்றாமல், துணி சுற்றினால் போதும் என்று விட்டுவிட்டேன். பாதி வழியில் துணி நழுவி, பெடலின் பல் படகின் தோலில் ஒவ்வொரு துடுப்புக்கும் உரசி, கடைசியில் மெல்லிய ஒரு சீறல். முதலில் பூச்சி ஏதோ என்று நினைத்தேன். முழங்காலுக்கடியில் தொய்வு தெரிந்த பிறகுதான் கரைக்குத் திருப்பினேன். ஓட்டை ஒரு கடுகளவு. ஒட்டுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது, ஏனென்றால் உப்புப் படிந்த துணியில் பசை பிடிக்காது, குடிக்கிற தண்ணீரால் கழுவி, சட்டையால் துடைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு ஒட்டவேண்டும். அதற்குள் காற்று எழும்பிவிட்டது. மீதித் தூரத்தை ஒழுங்கையால் சைக்கிளில் ஓடித் தீர்த்தேன். சைக்கிள் கூடவே இருந்ததால்தான் அப்படி முடிந்தது, இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். எந்தக் கரையில் ஏறினாலும் வீடு போகலாம்.

ஆனால் வேகத்தை நினைத்து ஏமாற வேண்டாம். அமைதியான தண்ணீரில் மணிக்கு 3, 4 கிலோமீற்றர், நடக்கிற வேகம். மூக்கில் சைக்கிள் ஏறினால் அது காற்றைப் பிடிக்கும் பாய் மாதிரி, எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுப் போட்டு நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். வெயில் ஏறும்போது உள்ளே காற்று விரிந்து படகு விறைக்கும், கரையில் வைத்தால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள், தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தொய்யும், திரும்ப ஊதவேண்டும். முருகைக்கல்லும் மட்டி ஓடும் இருக்கிற தீவுக் கரையில் இதை இழுக்கவே கூடாது. ஊர்காவற்றுறைக் கடப்பில் இதை இறக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கிட்டத்தான், ஆனால் எஞ்சின் படகுகளும் கடற்படைப் படகுகளும் போகிற வழி, நீரோட்டமும் இருக்கிறது.

வன்கூட்டுக் கயாக்கைச் சைக்கிளின் பின்னால் இழுவண்டியில் கட்டுவதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 20 கிலோவுக்கு மேல், மூன்று மீற்றருக்கு மேல் நீளம். எங்கள் ஒழுங்கைகளில் திருப்பவும் முடியாது, பருத்தித்துறை வீதியில் பஸ் முந்தும்போது அதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது. கடற்கரையோடு வீடு இருக்கிறவர் கையால் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

மடிப்புக் கயாக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. இது புதிதும் இல்லை, 1905இல் ஜேர்மனியில் அல்ஃபிரெட் ஹொய்ரிக் என்ற மாணவர் மரச் சட்டமும் துணியுமாகச் செய்தார், 1907இல் கிளெப்பர் என்ற தையற்காரர் அந்த உரிமையை வாங்கி விற்கத் தொடங்கினார், ரயிலில் ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது பிளாஸ்டிக் தகட்டைப் பெட்டி மாதிரி மடிக்கிற வகை வருகிறது, 9 முதல் 12 கிலோ. காற்றடைத்ததைவிட நேராகவும் வேகமாகவும் போகும், மணிக்கு 5 கிலோமீற்றர் சாதாரணமாக வரும். ஆனால் சைக்கிளை உள்ளே ஏற்ற முடியாது, ஆகவே இறங்கின இடத்துக்கே திரும்பி வரவேண்டும், சைக்கிளைக் கடையடியிலோ கோயில் வாசலிலோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். ஒரு காலைப் பொழுது தண்ணீரில் இருந்தால் போதும் என்கிறவருக்குச் சைக்கிளில் கொண்டுபோகிற படகுகளில் இதுதான் நல்லது. ஊரைக் கடந்து போகவேண்டும் என்கிறவருக்கு இல்லை.

கடைசியாக மீன்பிடி வள்ளம். இதை எழுதும்போது அப்பா சொன்னது நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் போரால் ஆனையிறவு, சங்குப்பிட்டி வழிகள் மூடிக் கிடந்தபோது குடாநாட்டுச் சனம் வெளியே போனது கிளாலிக் கடலைக் கடந்துதான், இரவில், விளக்கில்லாமல். எஞ்சின் பூட்டிய ஒரு படகின் பின்னால் வள்ளங்களைத் தொடுத்து இழுப்பார்களாம், சைக்கிளை வள்ளத்தின் குறுக்கே படுக்கவைத்து அதன்மேல் பையை வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்களாம். அக்கரையில் சைக்கிள் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை, அதனால் ஆளுக்கு முன்னம் சைக்கிள் ஏறும் என்பார் அப்பா. அந்தக் கடலில் செத்தவர்கள் பலர். படகும் சைக்கிளும் எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு இல்லை. இப்போது 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் இருக்கிறது, 2011இல் திறந்தார்கள். அதன் நடுவில் சைக்கிளை நிறுத்திக் கீழே பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அப்பாவின் அந்தக் கைகள்தான் தெரியும்.

இன்று வள்ளத்தில் போவதென்றால் தெரிந்தவர் மூலம் போங்கள், பயணிகளை ஏற்ற அனுமதியும் அங்கியும் இருக்கிறதா என்று கேளுங்கள், எண்ணெய்க் காசோடு அவருடைய ஒரு நாள் உழைப்புக்கும் சேர்த்துக் கொடுங்கள். பரவைக்கடலில் சிறகுவலை எங்கே, களங்கண்ணி எங்கே, கடலட்டைப் பண்ணைக்கு நட்ட கம்பு எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். வரைபடத்தில் வெறும் நீலமாகத் தெரிகிற இடம் முழுக்க ஆரோ ஒருவருடைய தொழில் நிலம். சொந்தப் படகோடு போகிறவர்களும் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கினால் நல்லது. நான் சொல்லாமல் இறங்கிய ஒரு காலை என் துடுப்பு நண்டு வலை ஒன்றை இழுத்துவிட்டது. அதை அவிழ்த்து ஒழுங்காக்கக் கூட நின்ற அரை மணித்தியாலத்தில் அந்த அண்ணை ஒரு கடும் சொல் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

எந்த வழியில் போனாலும் அன்று பின்னேரமே கழுவுங்கள். கிணற்றடியில் நிறுத்தி, வாளித் தண்ணீர் நாலைந்தை மெதுவாக ஊற்றி, செயின், பிரேக் கம்பி நுனி, சில்லின் நடு எல்லாம் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் விடியச் செயின் செம்மஞ்சள் நிறத்தில் நிற்கும்.

முதல் தடவை போகிறவர் ஒன்றும் வாங்கவேண்டாம். இருக்கிற சைக்கிளில் ஊர்காவற்றுறை, காரைநகர் சுற்று, பிறகு ஒரு நாள் நெடுந்தீவு. இரண்டும் போய்வந்த பிறகும் தண்ணீரில் இன்னும் நேரம் இருக்கவேண்டும் போல இருந்தால்தான் காற்றடைத்த படகைப் பற்றி யோசியுங்கள். அதையும் மாசி பிறந்த பிறகு ஆருடையதையாவது இரவல் வாங்கி, வல்லையில் விடிய ஆறு மணிக்கு இறக்கி, சைக்கிள் கட்டாமல் ஒரு தடவை, கட்டி ஒரு தடவை துடுப்புப் போட்டுப் பாருங்கள்.